சிறிய இரண்டு

பெர்லின், இருபத்தாறாம் வருடம், ஜூலை.
ஈயப் புழுக்கத்தில் மூன்று பொத்தானை அவிழ்த்துவிட்டு
கோட்டிங்கனிலிருந்து வந்த கட்டுரையைக் கோத்துக்கொண்டிருந்தேன்.
ஏதோ மோதல்களைப் பற்றியது.
எனக்கு எல்லாக் கட்டுரையும் இடவலம் மாறித்தான் பழக்கம்;
பொருள் தெரிய வேண்டியதில்லை,
நூல் பிடித்தாற்போல் வரி நின்றால் போதும்.

இந்த முறை வரியும் நிற்கவில்லை.
திருத்தப் படி திரும்பி வந்தபோது
ஓரத்தில் பென்சிலால் ஒரு நட்சத்திரம்,
பக்கத்தின் காலடியில் புதிதாக ஒரு வாக்கியம்.
நிகழ்தகவு மேலே சொன்ன எண் இல்லையாம்,
அதன் இருமடியாம்.

லூட்கே கத்தினார்.
அவர் மேஸ்திரி, கத்துவது சம்பளத்தில் அடக்கம்.
"கட்டி முடித்த பக்கம்!
காலடியில் ஒரு வரி நுழைந்தால் தலைமாடு வரை நகர வேண்டும்!"
கயிற்றை அவிழ்த்து நகர்த்தினேன்.
எழுத்தின் தோளில் ஏறி உட்காரும் சிறிய இரண்டு
எங்கள் பெட்டியில் மொத்தம் பதினொன்று.
அதில் ஒன்று கைநழுவி
தரைப்பலகை இடுக்கில் போயிற்று.

நிகழ்தகவு எனக்குப் புதிதில்லை.
ஞாயிறானால் ஹோப்பெகார்ட்டனில் குதிரைமேல் பணம் கட்டுகிறவன்.
ஐந்துக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று
என்பதெல்லாம் என் அறியாமைக்குப் போட்ட விலை.
எந்தக் குதிரைக்குக் கால் வீக்கம் என்று
லாயக்காரனுக்குத் தெரியும்.

"இங்கே லாயக்காரனே கிடையாது" என்றான் ஸாலிங்கர்.
பிழை பார்ப்பவன்;
இரண்டு வருடம் பல்கலைக்கழகம் போய்
பணமில்லாமல் நின்றவன்.
"குதிரைக்கே தெரியாது."

அலை என்றால் வான்ஸே ஏரியில் நான் பார்த்தது.
அவன் சொன்ன அலையில் நனைய ஒன்றுமில்லை.
துகள் எங்கே தட்டுப்படலாம் என்பதற்கு
இடத்துக்கு இடம் வைத்த ஓர் எண்,
சில இடத்தில் அதற்குக் கழித்தல் குறி.

நடக்கிற வாய்ப்பு எப்படி ஐயா
பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும்?

"அதற்குத்தான் இருமடி. குறி அதில் தொலைந்துவிடும்."
ரொட்டியை மென்றுகொண்டே சொன்னான்:
"ஆனால் தொலைவதற்குள் வேலையைக் காட்டிவிடும்.
ஒரு வழியில் வந்துகொண்டிருந்தது,
இன்னொரு வழியையும் திறந்தால்
சில இடத்துக்கு வராமலே போகும்."

டிராமில் இதைத்தான் அசைபோட்டுக்கொண்டு வந்தேன்.
யோஸ்டும் நானும் பேசி நாலு வருடம்.
அப்பாவின் சுவர்க்கடிகாரம் யாருக்கு என்பதில் வந்தது.
ஈஸ்டருக்கு அவனிடமிருந்து ஒரு கடிதம்: வா.
அது மட்டும் வந்திருந்தால் போயிருப்பேன்.
மறுநாள் அவன் மனைவி வால்ட்ராவுட்
அச்சகத்து வாசலுக்கே வந்து, வாருங்கள் என்றாள்.
அவள் மட்டும் வந்திருந்தால்
முதல் வண்டிக்கே போயிருப்பேன்.
இரண்டும் வந்தன.
நான் போகவில்லை.

ஹில்டெகுண்ட் அதைத் திமிர் என்கிறாள்.
நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், புதன்கிழமை வரை.

மனிதன் அலை இல்லை, தெரியும்.
கேட்டால் ஸாலிங்கர் சிரிப்பான்.
யோஸ்ட் வீட்டு மேசையில் அன்று
கூடுதலாக ஒரு தட்டை வைத்து எடுத்திருப்பார்கள்;
அதற்கு எந்த எண்ணைப் போடுவது, எந்தக் குறியோடு?

வெள்ளியன்று அச்சேறியது.
அந்த வாக்கியம் ஆக அடியில், பொடி எழுத்தில்,
கண்ணை இடுக்கினால்தான் தெரியும்.
மேலே அதற்காக நகர்ந்த நாற்பது வரிகள்
ஒன்றுமே நடக்காததுபோல்.

தொலைந்த இரண்டு செவ்வாய்க்கிழமை அகப்பட்டது,
இடுக்கில் அல்ல,
என் இடது பூட்ஸின் அடித்தோலில் குத்திக்கொண்டு.
பெட்டியில் போடு என்றார் லூட்கே.
அதோடு எங்கெல்லாம் நடந்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன்:
கால்வாய்ப் பாலம், பீர் கடை, குதிரைப் பந்தயம்,
யோஸ்டின் தெருமுனை வரை
ஒரு தடவை.